எது மை, எது தாள்?

ஆக்லாந்து விமான நிலையத்தில் இறங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது ஒரு சுருள். பெரணிச் செடியின் குருத்து, விரிவதற்கு முன் தலையைச் சுருட்டிக்கொண்டு நிற்குமே, அந்த வடிவம். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதைக் கொரு என்கிறார்கள். ஏர் நியூசிலாந்து விமானங்களின் வாலில் 1973இல் ஏறிய கொரு இன்னும் இறங்கவில்லை. சோதனையில் ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் காட்டி, ஷூவின் அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவிட்டு (கத்தி வந்தால்கூடப் பரவாயில்லை, விதை வந்துவிடக் கூடாது என்பது இந்த நாட்டின் கவலை) வெளியே வந்தால் மறுபடியும் கொரு. கழுத்தில் தொங்கும் பச்சைக்கல்லில், கையில் குத்திய பச்சையில், சாவிக்கொத்தில், சோப்பு உறையில். ஊருக்குள் போய்ச் சேர்வதற்குள் அது கண்ணில் படாமலே போய்விடுகிறது. எல்லா இடத்திலும் இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

இன்னொன்றும் சீக்கிரம் பழகிவிடும். கறுப்பும் வெள்ளையும். ரக்பி அணிக்குக் கறுப்புச் சட்டை, அதில் வெளிறிய பெரணி இலை. மேற்குக் கரையில் பீஹா என்றொரு கடற்கரை. அதன் மணலில் இரும்புத் தாது கலந்திருப்பதால் மணலே கறுப்பு, காந்தத்தைக் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கறுப்பின் மேல் டாஸ்மன் கடலின் நுரை வந்து விழுவதைப் பார்த்தவர்கள், இந்த நாட்டு ஓவியர்கள் ஏன் வண்ணப் பெட்டியைப் பாதி நேரம் மூடியே வைத்திருந்தார்கள் என்று கேட்க மாட்டார்கள்.

நான் தங்கியது சேண்ட்ரிங்ஹம் பகுதியில், ஈடன் பார்க் மைதானத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், கல்லூரி நண்பன் வீட்டில். திருநெல்வேலிக்காரன். தெருமுனைக் கடையில் தோசை மாவும் உறைந்த முருங்கைக்காயும் கிடைக்கின்றன. அதனால் வெளிநாடு வந்த உணர்வு வர இரண்டு நாள் ஆனது. வீட்டு மாடிப்படிச் சுவரில், நான் தினமும் ஏறி இறங்கும் இடத்தில், ஒரு படம். அஞ்சலட்டை அளவுதான் இருக்கும். கறுப்பு, அதில் குறுக்காக ஏழு வெள்ளைப் பட்டைகள். நண்பனின் மகள் இங்கே கட்டடக்கலை படிக்கிறாள். வார இறுதிச் சந்தையில் ஓவிய மாணவர் ஒருவரின் மேசையிலிருந்து வாங்கி வந்தாளாம்.

"நீங்க எழுதுறவங்கதானே மாமா, இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க" என்றாள்.

"ஏலே, அர்த்தம் கெடக்கட்டும். தலைகீழா மாட்டிட்டமோன்னுதான் எனக்கு மூணு மாசமா சந்தேகம்" என்றான் நண்பன். அவனுக்கு அது பார்கோடு. சூப்பர் மார்க்கெட்டில் ஸ்கேன் செய்தால் விலை வரும் என்றான். அவன் மனைவிக்கோ மழையில் ஜன்னல் கம்பி. "அப்படித்தான் அண்ணே தெரியுது, எனக்கு வேற ஒண்ணும் தோணல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். மகளுக்கு இரவில் ஹார்பர் பாலத்தின் விளக்குகள் தண்ணீரில் விழுந்து கிடப்பது போல. மூன்றும் நல்ல பதில்கள்தான். ஆனால் மூன்றும் படத்தை விட்டு வெளியே ஓடிப்போய் எதையோ பிடித்துக்கொண்டு வந்த பதில்கள். அரூபப் படத்தின் முன்னால் நிற்கும்போது நம் எல்லோருக்கும் கால் பரபரக்கிறது. அங்கேயே நின்றால் என்ன தெரியும் என்று பார்க்கலாம் என்றேன்.

தலைகீழ்ச் சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. படத்துக்குக் கீழே, வெற்றுத் தாளில், பென்சிலால் இடப்பக்கம் 7/15 என்று எழுதியிருந்தது. வலப்பக்கம் கிறுக்கலாக ஒரு கையெழுத்து. கலைஞர் தானே அச்சுக் கட்டையைச் செதுக்கிப் பிரதி எடுக்கும்போது இப்படித்தான் குறிப்பார்கள். மொத்தம் 15 பிரதிகள், அதில் இது ஏழாவது என்று பொருள். கையெழுத்து இருக்கும் பக்கம் கீழ்ப்பக்கம். நண்பனுக்கு நிம்மதி.

அவனுடைய மாமனார் ஜாதகம் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடி ஒன்று அலமாரியில் கிடந்தது. சட்டத்தைக் கழற்றி, தாளை மேசையில் வைத்து, செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தோம். கம்ப்யூட்டரில் அச்சடித்த நகலாக இருந்தால் கண்ணாடிக்கடியில் பொடிப் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். இதில் புள்ளி இல்லை. செப்புத்தகட்டில் அமிலம் அரித்துப் போடும் எட்சிங்காக இருந்தால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாக அழுந்தியிருக்கும். அதுவும் இல்லை. கறுப்பின் ஓரத்தில் மட்டும் மை சற்றே தடித்து, வரப்பு மாதிரி நின்றது. வெள்ளைப் பட்டைகளுக்குள் அங்கங்கே மயிரிழை அளவுக்குக் கறுப்புக் கீறல்கள். உளி ஓடிய இடத்தில் முழுதும் வழித்தெடுக்காமல் விட்ட மேடுகள் அவை, அவற்றிலும் மை ஒட்டியிருக்கிறது. ஆக, லினோகட். தரைவிரிப்பாகப் பயன்படும் லினோலியத் தகட்டை உளியால் வெட்டி, மிஞ்சியதில் உருளையால் மை தடவி, தாளை வைத்து அழுத்தி எடுப்பது. தாளைத் திருப்பினால் பின்புறத்தில் வட்ட வட்டமாகத் தேய்த்த பளபளப்பு. அச்சு இயந்திரம் கிடையாது, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்திருக்கிறார். கறுப்பின் நடுவில் உப்புத் தூவியது போலத் தெரிந்த வெண்பொட்டுகளும் அதனால்தான். கை ஓய்ந்த இடங்கள் அவை. எட்டாவது பிரதியில் அவை வேறு இடத்தில் இருக்கும்.

"அப்ப இதுல வரைஞ்சது கறுப்பையா, வெள்ளையையா?" என்று மகள் கேட்டாள்.

அதுதான் கேள்வி. பேனாவால் எழுதும் நமக்குக் கோடு என்றால் கறுப்பு, தாள் என்றால் பின்னணி. லினோவில் இது அப்படியே புரண்டுவிடுகிறது. உளி தொட்டதெல்லாம் வெள்ளை, தொடாமல் விட்டதெல்லாம் கறுப்பு. அந்த மாணவர் கறுப்பில் ஒரு கோடும் போடவில்லை. ஏழு பட்டைகளை வெட்டி எடுத்தார், அவ்வளவே அவர் செய்த வேலை. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் மாறுகிறது. மேலே நான்கு பட்டைகள் தாராளமாக இடைவெளி விட்டு நிற்கின்றன, கீழே மூன்று நெருக்குகின்றன. ஆறு பட்டைகள் ஓரத்தைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிட, ஐந்தாவது மட்டும் வலது ஓரத்தை உடைத்துக்கொண்டு வெளியே போகிறது. அது போன வழியாக வெளித்தாளின் வெள்ளை உள்ளே வந்துவிடுகிறது. அந்த ஒரு வாயில் இல்லாவிட்டால் இந்தப் படம் வெறும் பெட்டி. வெட்டிய பிறகு லினோவை ஒட்டவைக்க முடியாது. அந்த ஐந்தாவது பட்டையை ஓரம்வரை கொண்டுபோனது துணிந்து எடுத்த முடிவு. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என்ன நடந்திருக்கிறது என்று கேட்டால் நிறையச் சொல்லலாம். சின்னப் படத்தைப் படிப்பதில் பெரும்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

மீதி கொஞ்சம் இருக்கிறது. இரண்டாவது பட்டையின் இடது முனை உருண்டையாக முடிந்திருந்தது. மற்றவை நேர்வெட்டு, இது மட்டும் தீக்குச்சித் தலை போல. அதைப் பார்த்ததும், நியூசிலாந்துக் கலை பற்றி எதையாவது புரட்டியிருக்கும் எவருக்கும் ஒரு பெயர் நினைவுக்கு வரும். கார்டன் வால்டர்ஸ்.

மறுநாள் ஹாப் கார்டைத் தட்டி பஸ் ஏறி நகருக்குள் போனேன். ஆக்லாந்து ஆர்ட் காலரி ஆல்பர்ட் பூங்காவின் அடிவாரத்தில் இருக்கிறது. 1888இல் திறந்த பிரெஞ்சுப் பாணிக் கட்டடம். 2011இல் அதை விரித்துக் கட்டினார்கள். வாசலில் கவுரி மரப்பலகைகளால் ஆன உயரமான விதானங்கள், பூங்கா மரங்களின் கிளையமைப்பைப் பார்த்துச் செய்தவை. 2013இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருதை இது வாங்கியது. உள்ளூர்க்காரர்களுக்கு நுழைவு இலவசம். வெளிநாட்டுக்காரர்களிடம் மட்டும் 2018 முதல் பணம் வாங்குகிறார்கள். மாவோரித் தலைவர்களின் பழைய தைல ஓவிய உருவப்படங்கள் இருக்கும் பக்கம் நல்ல கூட்டம். அரூபப் படங்கள் உள்ள பக்கம் காலியாக இருந்தது. எல்லா ஊரிலும் இப்படித்தான்.

வால்டர்ஸ் 1919இல் வெலிங்டனில் பிறந்தவர். 1946இல் தெற்குத் தீவின் கேன்டர்பரி பகுதிப் பாறைகளில் இருக்கும் பழைய மாவோரி ஓவியங்களைப் பார்க்கப் போனார். போகவைத்தவர் தியோ ஸ்கூன், ஜாவாவில் பிறந்த டச்சுக்காரர். அவற்றைப் படியெடுக்கும் பணியில் இருந்த ஸ்கூன், தெளிவாகத் தெரியவில்லை என்று மெழுகுக் கட்டியால் பாறையின் மேலேயே கோட்டை அழுத்திப் போட்டவர் என்ற கெட்ட பெயரும் எடுத்தவர். பிறகு வால்டர்ஸ் ஐரோப்பா போய் அங்கே வடிவக் கணித ஓவியங்களைப் பார்த்தார். திரும்பி வந்து அரசு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் அச்சகம், மற்ற நேரத்தில் சுருள். 1956 முதல் பத்தாண்டு காலம் கொருவைப் போட்டுப் போட்டுப் பார்த்தார், கண்காட்சியில் வைக்கவில்லை. 1966இல் ஆக்லாந்தின் நியூ விஷன் காலரியில்தான் அவை வெளியே வந்தன.

அவர் செய்தது கேட்பதற்கு மிகச் சாதாரணம். வளைவாக இருந்த காம்பை நிமிர்த்தி நேர்ப்பட்டையாக்கினார், முனையில் வட்டத்தை வைத்தார். பிறகு கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒரே அகலம் கொடுத்தார். வெள்ளைப் பட்டை இடமிருந்து வந்து வட்டமாக முடிகிற இடத்தில், கறுப்புப் பட்டை வலமிருந்து வந்து வட்டமாக முடிகிறது. வெள்ளையின் மேல் கறுப்பா, கறுப்பின் மேல் வெள்ளையா என்பதைக் கண் முடிவு செய்தவுடனேயே படம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிடுகிறது. நான் நின்றுகொண்டிருந்தபோது பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தி கறுப்பு வட்டங்களை எண்ணினாள், மற்றவன் வெள்ளையை. பாதியில் அவன் கறுப்புக்குத் தாவிவிட்டான், இவள் வெள்ளைக்கு. சண்டை வந்து காவலர் உதட்டில் விரல் வைக்க வேண்டியதாயிற்று. விமர்சகர்கள் இந்தப் படங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்தச் சண்டை அவற்றில் பாதியைச் சொல்லிவிட்டது.

நம்மவர்கள் இதைப் பார்த்தால் உடனே கோலம் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் வாயில் வந்தது. ஆனால் சிக்குக்கோலத்தில் தரை தரைதான், மாவு மாவுதான். இழை எவ்வளவு சுற்றினாலும் தரை எழுந்து வந்து இழையாகிவிடாது. வால்டர்ஸின் படத்தில் தரை என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. பின்னாளில் இவற்றை அவர் ஸ்கிரீன் பிரிண்டாகவும் போட்டார். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அதே முறை. துணிச்சல்லடை வழியாக மையை இழுத்துவிடுவது. அதில் மை தாளின் மேல் சீராகப் படிந்து நிற்கும், உளித்தடம் இருக்காது, கைத்தடுமாற்றமும் தெரியாது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் சமநீதி வழங்க அவருக்கு அந்த மொழுமொழுப்பு தேவைப்பட்டிருக்கும்.

இந்த இரட்டை ஆட்டத்தை வால்டர்ஸ் கண்டுபிடித்தாரா என்றால், இல்லை. அதைப் பார்க்க டொமைன் பூங்காவின் மேட்டில் இருக்கும் ஆக்லாந்து மியூசியத்துக்குப் போக வேண்டும். மேடு என்பது அணைந்த எரிமலை. அங்கே ஹோட்டுனுயி என்ற மாவோரிக் கூடத்தை முழுசாக உள்ளே வைத்திருக்கிறார்கள். 1878இல் தேம்ஸ் பகுதியில், ஒரு கல்யாணத்தை ஒட்டிப் பெண்வீட்டார் ஙாத்தி ஆவா குலத்தினர் செதுக்கிக் கொடுத்த சீர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் கூரைச் சட்டங்களில் கோஃபைஃபை என்ற வண்ணக் கோலங்கள், சிவப்பு, கறுப்பு, வெள்ளை. இந்த வகை வேலையில் பல இடங்களில் கொரு என்பது தீட்டியதல்ல, விட்டது. சுற்றிலும் சிவப்பும் கறுப்பும் பூசி, நடுவில் வெள்ளைச் சுருளை மிச்சம் வைக்கிறார்கள். மாணவரின் லினோத் தகட்டில் கறுப்பு எப்படி மிஞ்சியதோ, இங்கே வெள்ளை அப்படி மிஞ்சுகிறது.

ஆனால் அது மாட்டியிருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். மாவோரிக் கூடம் என்பது கட்டடமாக நிற்கும் மூதாதையின் உடல். முகட்டு உத்தரம் முதுகெலும்பு, இறங்கி வரும் சட்டங்கள் விலா எலும்புகள், முகப்பில் சாய்ந்து நிற்கும் பலகைகள் கைகள். அந்த விலா எலும்புகளின் மேல்தான் சுருள்கள் ஓடுகின்றன, தலைமுறையிலிருந்து தலைமுறை கிளைப்பது போல. உள்ளே தரையில் உட்கார்ந்திருக்கிறவன் ஒரு பாட்டனின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறான். அங்கிருந்து ஒரு சுருளைத் தனியாகக் கழற்றி, நிமிர்த்தி, சட்டம் போட்டு விற்றால் அது என்ன?

இந்தக் கேள்வி அந்த நாட்டில் பெரும் சண்டையாகவே வெடித்தது. மாவோரி அறிஞர் ஙாஹுயா தெ ஆவெகோடுக்கு 1980களிலேயே இதை எழுப்பினார். 1992இல் சிட்னியில் நடந்த ஹெட்லேண்ட்ஸ் என்ற நியூசிலாந்துக் கலைக் கண்காட்சியின் நூலில் ரங்கிஹிரோவா பனோஹோ எழுதிய கட்டுரை, வால்டர்ஸ் கொருவை அதன் உறவுகளிலிருந்து அறுத்து வெறும் வடிவமாக்கிவிட்டார் என்றது. கலை வரலாற்றாசிரியர் ஃபிரான்சிஸ் பவுண்ட் 1994இல் ஒரு புத்தகமே எழுதி வால்டர்ஸுக்காக வாதாடினார். மறு ஆண்டு வால்டர்ஸ் இறந்துபோனார்.

இதில் நான் எந்தப் பக்கம்? படம் அருமையான படம். அதை இறக்கிவைக்கச் சொல்ல மாட்டேன். படம் நன்றாயிருப்பதால் கடன் அடைந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். யாருடைய வீட்டு விலா எலும்பு என்று தெரியாமல் அந்த வட்ட முனையைப் பார்க்கிறவன் பாதிப் படத்தைத்தான் பார்க்கிறான். மாடிப்படியில் தொங்கும் அஞ்சலட்டைப் படத்துக்கும் இது பொருந்தும். அந்த மாணவர் அந்த ஒற்றை உருண்டையை வால்டர்ஸுக்குக் கும்பிடாகப் போட்டாரா, கிண்டலாகப் போட்டாரா, தாத்தா வீட்டுக் கூரையிலிருந்து எடுத்தாரா என்பதற்கேற்ப அதே உருண்டை மூன்று வேறு சொல்லைச் சொல்லும். மகள் அடுத்த சந்தைக்குப் போய்க் கேட்கிறேன் என்றாள். கேட்பதுதான் முறை.

வடிவம் ஒருவருக்குச் சொல்லாகவும் இன்னொருவருக்கு வெறும் கோடாகவும் இருப்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. ஆக்லாந்துக்கு வடக்கே ஃபாங்கரே வட்டாரத்தில், 19ஆம் நூற்றாண்டில், மாவோரிகள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததை வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தார். உடைந்த கப்பல் மணி அது. விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்து. இன்று வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மணியை வைத்துத் தமிழன் கடலாண்ட கதையை நாம் நிறையப் பேசியாயிற்று. எனக்குத் தோன்றுவது வேறு. அந்தக் கிழங்கு வெந்த காலமெல்லாம், பானையின் கழுத்தைச் சுற்றி ஓடிய நம் எழுத்து அவர்களுக்கு நல்ல சித்திர வேலையாக மட்டுமே இருந்திருக்கும். ஹோட்டுனுயியின் கூரையை அண்ணாந்து பார்த்து 'அழகாக இருக்கிறது' என்று சொன்ன நானும் அதே நிலையில்தான் நின்றேன்.

1966 என்ற ஆண்டு என்னை விடவில்லை. வால்டர்ஸ் ஆக்லாந்தில் கொருக்களை வெளியே எடுத்த அதே ஆண்டில்தான் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். அப்போது அவர் போட்டுக்கொண்டிருந்தவை 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்கள். ஜாதகக் கட்டங்கள், படிக்க முடியாத எழுத்துகள், பஞ்சாங்கம் போன்ற பக்கங்கள். ஐரோப்பிய அரூபத்தைக் கண்டுவந்து, அதை உள்ளூர்க் குறிகளால் பேசவைக்கும் அதே தவிப்பு. பணிக்கர் செய்ததை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. ஜாதகக் கட்டம் அவர் வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. வால்டர்ஸ் வெள்ளைக்காரர், நிலத்தைப் பறித்தவர்களின் வழியில் வந்தவர். ஒரே வேலையை இரண்டு பேர் செய்தாலும் ஒருவருக்கு அது வீட்டுப் பொருள், இன்னொருவருக்கு அயல்வீட்டுப் பொருள். நியூசிலாந்து இதைச் சட்டத்திலும் எழுதிவிட்டது. 2002ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி, மாவோரி வடிவம் கொண்ட வணிகக் குறியைப் பதிய வருகிறவரின் விண்ணப்பம் ஒரு மாவோரி ஆலோசனைக் குழுவின் பார்வைக்குப் போகிறது.

படம் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். சென்னையில் அப்போலோ மருத்துவமனைக்குப் போகிற அதே கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் இருக்கிறது. கிராஃபிக் கலைக்கென்று அங்கே பட்டறையே உண்டு. அதன் செயலாளராக இருந்த ஆர்.எம். பழனியப்பன் தேவகோட்டைக்காரர், அச்சுக்கலையிலேயே அரூபப் படங்களைச் செய்து பெயர் வாங்கியவர். அடுத்த முறை யாரையாவது டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது உள்ளே ஒரு எட்டு போய்ப் பாருங்கள். கண்காட்சி இருந்தால் படத்தின் கீழே பென்சில் எண்ணைத் தேடுங்கள், பிறகு எது மை எது தாள் என்று பாருங்கள். யாராவது கைகழுவிக்கொண்டு பட்டறையிலிருந்து வெளியே வந்தால், தயங்காமல் கேளுங்கள்.